நத்தையோடு கதைக்கும் பெண்

லண்டன் குட்மேய்ஸில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட, தருமத்துக்குப் பழைய சாமான் விற்கும் சரிட்டிக் கடையில், பீங்கான் கோப்பைகளுக்குப் பின்னால் அந்த மூன்று படங்களையும் கண்டேன். சட்டம் போட்ட, நிறம் மங்கிய நோர்வே அச்சுப் படங்கள். ஒன்றில் சிவப்புத் தொப்பி போட்ட பிள்ளைகள் காட்டில் நீலப் பழம் பிடுங்கித் தின்கிறார்கள், உதடெல்லாம் நீலம். இன்னொன்றில் ஒரு சின்னப் பெண் காளானடியில் குந்தியிருந்து நத்தையோடு கதைக்கிறாள். மூன்றாவதில் மழை. றப்பர் சப்பாத்தோடு எல்லாரும் சேற்றில் குதிக்கிறார்கள்.

நான் கடைக்குள்ளேயே அழுதுவிட்டேன். கடையில் நின்ற வெள்ளைக்கார அம்மா என்னவோ ஏதோ என்று பயந்து கதிரை கொண்டுவந்து போட்டார். நத்தைப் படத்துக்கு அழுகிறவளை அவர் முன்பின் கண்டிருக்க மாட்டார்.

லண்டனுக்கு வர முன் நாங்கள் நோர்வேயில் இருந்தோம். மகள் அங்கேதான் பிறந்தாள். அவள் போன பாலர் பள்ளியின் நடைச்சுவரில் இதே மாதிரிப் படங்கள் வரிசையாகத் தொங்கும். காலையில் அவளுடைய சப்பாத்தைக் கழற்றும்போது அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆங்கிலம் படிக்கவேண்டும், தமிழ்ப் பள்ளிக்கூடம் போகவேண்டும், நாலு சொந்தத்தோடு பழகவேண்டும் என்று ஆறு வயதில் அவளை இங்கே கூட்டிவந்தோம். எல்லாம் நடந்தது. ஆனால் உதடு நீலமாக, சேற்றுக் காலோடு காட்டுக்குள்ளிருந்து ஓடிவருகிற அந்தச் சின்னவளை நினைக்காத நாள் எனக்குக் குறைவு. வளர்ந்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே பிள்ளைக்கு ஏங்கினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஏங்கினேன்தான்.

மகளுக்கு இப்போது வயிற்றில் ஏழு மாதம். குரோய்டனில் தன் வீட்டில் குழந்தைக்கு அறை ஒதுக்கி வர்ணமும் அடித்துவிட்டாள். பிறக்க முன்னம் இதெல்லாம் கூடாது என்று சொன்னேன், கேட்டால்தானே. கடைசியில் நானே மூன்று படங்களையும் துவாயில் சுற்றிக்கொண்டு, ரயில் மாறி அங்கே போய் நின்றேன்.

படங்களைச் சுவரில் சாத்திவைத்து, “பார், இது நீதான். இப்பிடித்தான் காடு காடாத் திரிஞ்சனி” என்றேன்.

அவள் மழைப் படத்தைக் கையில் எடுத்தாள்.

“நான் ஒருநாளும் போகேல்லை, அம்மா.”

“சின்னப் பிள்ளை, உனக்கு ஞாபகமிராது.”

“ஞாபகமிருக்கு. பள்ளியிலை காட்டுக்குக் கூட்டிப்போற நாளெல்லாம் நீங்கள் ரீச்சரிட்டச் சொல்லி என்னை உள்ளுக்கை விட்டிட்டுப் போவியள், தடிமன் பிடிக்குமெண்டு. மற்றப் பிள்ளையள் வெளிக்கிடுறதை நான் யன்னலாலை பார்த்துக்கொண்டு நிப்பன்.”

அவள் சொன்னது உண்மை. ஊரில் மார்கழிப் பனிக்கே காதைக் கட்டிக்கொண்டு வளர்ந்தவள் நான். அந்தக் குளிரில் பிள்ளையை நனைய விடுவேனா? கம்பளித் தொப்பியும் மூன்று சுவெட்டருமாகப் பொதி கட்டித்தான் அவளைக் கூட்டிப்போவேன். மழை பிள்ளையை ஒன்றும் செய்யாது என்று அந்த ரீச்சர் எத்தனையோ தரம் சொன்னார். இவைக்கு என்ன தெரியும் என்று நான் காதில் வாங்கவில்லை.

நீல உதடும் சேற்றுக் காலும் அந்த நடைச்சுவரில் நான் பார்த்தவை. யாரோ வரைந்த பிள்ளைக்கு என் மகளின் முகத்தை வைத்து இருபது வருடத்துக்கு மேலாக ஏங்கியிருக்கிறேன். யன்னலடியில் நின்ற என் பிள்ளையை ஒருநாளும் நினைக்கவில்லை.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் இரண்டு சொல் திருப்பிச் சொல்லித் தப்பியிருப்பேன்.

“வேண்டாமெண்டால் கொண்டுபோறன்” என்று துவாயை எடுத்தேன்.

“இல்லை, மாட்டுங்கோ” என்றாள். மழைப் படம் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. “பிள்ளையோடை நானும் ஒருக்கா நனையவேணும்.”