ஓடைக்கரைக் கதவு

பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறாள். பிறகு இரும்புக் கம்பிகளுக்கு இடையில் முகத்தை வைத்து உள்ளே பார்க்கிறாள். ஓடைக்கரைப் பாதையில் ஆள் நடமாட்டம் இல்லாமல் புல் முழங்கால் உயரத்துக்கு மண்டிவிட்டது. கரை சரிகிறது என்று மழைக்காலத்தில் மூடினார்கள். மழை போயும் திறந்தபாடில்லை. மற்றவர்கள் வேறு பாதை பார்த்துக்கொண்டார்கள். தையல்காரி மட்டும் தினமும் காலையில் வந்துவிடுகிறாள்.

"பூட்டுக்கு அளவெடுக்கறீங்களாக்கா?" என்பான் காவல்காரன்.

"ஆமாப்பா. ஒரு சட்டை தைச்சுப் போட்டா அதுக்காவது மனசு இளகுதான்னு பாக்கறேன்."

சலவைக்கடைக்குப் பின்னால் ஓர் அறையில், பழைய உடுப்புகளைப் பிரித்துத் தைத்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. கழுத்துப்பட்டியில் எப்போதும் நாலைந்து குண்டூசி குத்தியிருக்கும். சாமி கும்பிடும்போதும் எடுக்கமாட்டாள். "நான் என்ன வேலை பாக்கறேன்னு அவருக்குத் தெரியாதா?" என்பாள். எதிரே வருகிறவரின் முகத்துக்கு முன்னால் தோளைத்தான் பார்ப்பாள். "கொஞ்சம் பிடிச்சுத் தைக்கணும்," "இவருக்குத் தளர்த்தி விடணும்" என்று வாய் தானாக முணுமுணுக்கும்.

அவளுடைய அக்கா பாதையின் அந்தக் கோடியில் குடியிருக்கிறாள். ஒரு கல்யாண வீட்டில் வார்த்தை தடித்ததிலிருந்து அத்தான் இவளை வாசல்படி ஏற்றுவதில்லை. போன் அடித்தால் அவர்தான் எடுப்பார். குரல் கேட்டதும் வைத்துவிடுவார். ஆனால் சர்க்கரைக்கு நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்னதை மட்டும் அவரால் தட்ட முடியவில்லை. அக்கா அந்தக் கோடிக் கதவு வழியாக வருவாள், தங்கை இந்தக் கதவு வழியாக. நடுவில், சாய்ந்த மரத்தடியில் இருவரும் சேர்ந்துகொள்வார்கள்.

அக்காவுக்கு மட்டும் அவள் நாடா வைத்து அளந்ததில்லை. தோளில் கை போட்டு நடந்தாலே போதும். கடைசி நாள் அப்படிப் போட்ட கையில் எலும்பு தட்டியது.

"நேரத்துக்குச் சாப்பிடறியா நீ?"

"முதல்ல இதைத் தைச்சுக் கொடுடி" என்று ஒரு பச்சைத் துணியைத் திணித்துப் பேச்சை மாற்றிவிட்டாள் அக்கா. மறுநாள் கதவில் பூட்டு தொங்கியது.

உடுப்பு தயாராகிவிட்டது, தோள் மட்டும் பாக்கி. தினமும் அதைப் பையில் போட்டுக் கொண்டுவந்து, அப்படியே திரும்ப எடுத்துப்போகிறாள்.

இன்று கேட்டேவிட்டாள். "அந்தக் கதவும் உன் காவல்தானேப்பா? அங்க யாராவது வந்து நிக்கறாங்களா?"

"உங்க ஜாடையில ஒரு அம்மா வந்துட்டிருந்தாங்கக்கா. இப்ப வர்றதில்ல. வீட்டுக்காரர் நடக்கிற மெஷின் வாங்கிப் போட்டுட்டாராம். 'எவ்வளவு நடந்தாலும் வாசலைத் தாண்டாது தம்பி'ன்னு சிரிச்சாங்க."

"இளைச்சிருந்தாளா?"

"அதெல்லாம் எனக்கென்னக்கா தெரியும்." கொஞ்சம் யோசித்தான். "தோள்ல பையை மாட்ட மாட்ட வழுக்கிட்டே இருந்துச்சு. கடைசியில கையிலயே பிடிச்சுக்கிட்டாங்க."

தையல்காரி பையைத் திறந்தாள். பச்சை உடுப்பை எடுத்துக் கதவின் கம்பியில் மாட்டினாள். தோளில் ஒரு விரற்கடை மடித்துப் பிடித்தாள். அன்று அக்காவின் தோளில் போட்ட தன் கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் பிடித்து, கழுத்துப்பட்டியிலிருந்து ஒரு குண்டூசியை உருவிக் குத்தினாள்.