இடப்பக்கமாய் ஒரு மலைச்சுற்று

பினாங்கில் காற்றைத் தின்கிறார்கள். நான் வந்த புதிதில், சாயங்கால வேளையில் கடற்கரைத் திடலில் குடும்பம் குடும்பமாக நடந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்து, எங்கே போகிறீர்கள் என்று ஒரு மலாய்க்காரரிடம் கேட்டேன். "மாக்கான் ஆங்கின்" என்றார். மாக்கான் என்றால் தின்பது, ஆங்கின் என்றால் காற்று. மனுஷன் கேலி செய்கிறார் என்று எனக்குக் கோபம்கூட வந்துவிட்டது. காரியம் எதுவும் இல்லாமல் சும்மா நடந்துவிட்டு வருவதற்கு இங்கே அதுதான் பெயர் என்று பிறகுதான் தெரிந்தது. ஊரில் இருக்கும் உங்களுக்கு இது விளங்குமோ என்னவோ. நம் பக்கத்தில் காரணம் இல்லாமல் யார் நடந்தார்கள்? வயலுக்கு, சந்தைக்கு, கோர்ட்டுக்கு, கல்யாணத்துக்கு, இழவுக்கு, அவ்வளவுதான். சும்மா நடப்பவனைக் கண்டால் வீட்டில் ஏதும் சண்டையா என்று விசாரிப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த நான்தான், காற்றுத் தின்பதற்கென்றே ஒரு நாள் முழுக்க மலையும் கடலுமாக நடக்க மூன்று வாரம் உட்கார்ந்து திட்டம் போட்டேன். அதுவும் என் மனைவி லோகாம்பாளை அழைத்துக்கொண்டு.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். தை மாதம் எங்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. இருபத்தொரு நாள் இருந்தான். பெயர் வைக்க நாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ச்சல் கண்டு போய்விட்டான். நானும் ஆபீஸ் சிநேகிதர் சவரிமுத்துவும் துணியில் சுற்றித் தூக்கிப் போய், மயானத்து ஓரத்தில் புதைத்துவிட்டு வந்தோம். பச்சைக் குழந்தைக்குச் சடங்கு கிடையாது. பெண்கள் அங்கே வருகிற வழக்கமும் கிடையாது. லோகா வாசற்படியோடு நின்றுவிட்டாள். அன்றைக்கு நின்றவள்தான், அப்புறம் தெருவிலேயே இறங்கவில்லை. தங்கையை அனுப்பி வையுங்கள் என்று அவள் அண்ணன் எழுதினார். கப்பலுக்குச் சீட்டும் எடுத்தாயிற்று. "நான் ஊருக்குப் போறேன்" என்று அவள் சொல்லும் ஒவ்வொரு தடவையும் நான் அடுத்த சொல்லுக்காகக் காத்திருப்பேன். பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் "போயிட்டு வரேன்" என்றுதானே நாம் சொல்வோம்? அந்த "வரேன்" அவள் வாயில் வரவே இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்?

கப்பல் ஏறுவதற்குள் ஒரு நாளாவது அவள் காலார நடக்கட்டும் என்றுதான் இந்த யோசனை. நான் சர்வே ஆபீசில் வரைபடங்களை நகல் எடுக்கிறவன். கால் வைத்தே பார்க்காத பூமியை எல்லாம் மையால் வரைந்து தள்ளியவன். தீவின் வடமேற்கு மூலையில் அரசாங்கம் காப்பாற்றி வைத்திருக்கும் காடு ஒன்று உண்டு. அதற்கு முன்னால் தெலுக் பகாங் என்ற மீன்பிடிக் கிராமம். அங்கிருந்து கடலோரப் பாறைகள் வழியாகப் போனால் மூக்கா முனை, அதன் உச்சியில் வெளிச்சவீடு. அதற்குத் தெற்கே கெராச்சூட் மணல். அங்கிருந்து மலையேறிக் காட்டுக்குள் புகுந்து இறங்கினால் மறுபடி தெலுக் பகாங். போன வழியிலேயே திரும்ப வேண்டாம். மெல்லிய தாளில் இதை வரைந்து, பென்சிலால் அம்புக்குறியும் போட்டேன். முதலில் மலை, கடைசியில் கடல் என்று, இப்போது சொன்னதற்கு நேர் எதிராக. ஏன் அப்படி என்று யோசிக்கவே இல்லை. மலையை வலப்பக்கம் வைத்துச் சுற்றித்தான் நமக்குப் பழக்கம், கை தானாகப் போட்டுவிட்டது.

தாளை லோகாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். "கட்டுச்சோறு எத்தன வேளைக்கு?" என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கேள்விக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு மாதமாக எந்தக் கேள்வியும் கேட்காதவள். மறுநாள் அவளே, "தயிர்சோறு வேணாம், வெயில்ல புளிச்சிடும். புளிச்சோறுதான் தாங்கும்" என்றாள். அதற்கடுத்த நாள், அட்டை கடித்தால் தடவப் புகையிலையும் சுண்ணாம்பும் ஒரு முடிச்சில் கட்டி வைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் பஸ் ஏறித் தெலுக் பகாங் போய் வழி விசாரித்தேன். பாக் டின் என்ற வயதான மீன்காரர் படகடியில் உட்கார்ந்திருந்தார். அடுத்த ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் கடலோரமாக வரலாமா என்று என் சந்தை மலாயில் கேட்டேன். அவர் தலையை ஆட்டி, "ஆயர் பாசாங், ஆயர் பாசாங்" என்று இரண்டு தடவை சொன்னார். ஆயர் என்றால் தண்ணீர். பாசாங்குதான் நமக்குத் தெரியுமே! தண்ணீர் சும்மா பாசாங்கு பண்ணும், பயப்படாதே என்கிறார் போல என்று நினைத்து, அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தேன். மனுஷன் என்னை விநோதமாகப் பார்த்தார்.

திங்கட்கிழமை ஆபீசில் இதைப் பெருமையாகச் சொன்னேன். சவரிமுத்து இங்கேயே பிறந்தவர். கேட்டுவிட்டு மேசையில் கவிழ்ந்து சிரித்தார். "அது நம்ம பாசாங்கு இல்லலா அண்ணே. பாசாங்னா தண்ணி ஏறுதுன்னு அர்த்தம். மத்தியானம் அந்தப் பாற எல்லாம் முங்கிரும். அக்காவ வேற கூட்டிட்டுப் போறீங்க. காலையிலேயே கடல் பக்கம் போயிருங்க, மல பொறவு ஏறலாம்."

சொல்வது சுலபம். அம்புக்குறியைத் திருப்பினால் மலை இடப்பக்கம் வந்துவிடும். நம்மவர்கள் இடமாகச் சுற்றுவது சிதையை மட்டும்தான் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளைக் கூட்டிக்கொண்டு போய் அப்படியா சுற்ற வைப்பது? பேசாமல் திட்டத்தையே விட்டுவிடலாமா என்றிருந்தது. அவளுக்குத் தெரியாமல் குறியை மட்டும் மாற்றிவிடுவோம் என்று அன்று மாலை ரப்பரை எடுத்தேன். காப்பி கொண்டுவந்தவள் பார்த்துவிட்டாள்.

"என்னத்த அழிக்கிறீங்க?"

பாசாங்குக் கதையைச் சொன்னேன். லேசாகச் சிரித்தாள். பிறகு விரலால் தாளில் அந்த வழியைத் தடவிக்கொண்டே போனாள். விரல் மூக்கா முனையில் நின்றது.

"அப்ப மல இடக்கைப் பக்கம் வருமே."

"வேண்டாம்னா விட்டுடலாம் லோகா."

"இருங்க." அவள் குரல் மாறவில்லை. "எம்புள்ளைய யாருமே சுத்தி வரலயே. துணியில சுத்துனீங்க, தூக்கிட்டுப் போயிட்டீங்க. நான் வாசல்ல நின்னேன். இடமாவே போவோம்."

ரப்பரால் குறியை அழித்து, எதிர்த்திசையில் திருப்பிப் போட்டேன். இத்தனை நாளாக என் துக்கம் மட்டும்தான் மயானம்வரை போய்வந்தது, அவளுடையது போக இடமில்லாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. அது எனக்குத் தோன்றவே இல்லையே என்று வெட்கமாக இருந்தது.

ஞாயிறு காலை தண்ணீர் வற்றியிருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாறைகளில் அவள் முன்னால் போனாள், வரைபடத்தோடு நான் மூச்சிரைத்துக்கொண்டு பின்னால். விவசாயி வீட்டுப் பெண், நடையில் அவளிடம் நான் எம்மாத்திரம்? வெளிச்சவீட்டு மேட்டில் நின்று, "நம்மூரு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். மேற்கே காட்டினேன். ஒரு கப்பல் புகை விட்டுக்கொண்டு அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. "அவன் இருக்குற எடம்?" கிழக்கே, மலைகளுக்குப் பின்னால் என்று காட்டினேன். இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். கெராச்சூட் மணலில் சாப்பிட்டோம். எனக்குத்தான் அட்டை கடித்தது, அவள் முடிச்சை அவிழ்த்தாள். மலையேற்றத்தில் இடக்கையால் வழியெல்லாம் செடிகளைத் தொட்டுக்கொண்டே அவள் வந்ததைப் பார்த்தேன்.

தெலுக் பகாங்கில் இறங்கியபோது, காலையில் நாங்கள் மிதித்துப் போன பாறைகள் ஒன்றும் இல்லை, தண்ணீர்தான் இருந்தது. பாக் டின் அதே படகடியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கடலைக் காட்டி, "பாசாங்" என்று சிரித்தார். லோகா அவரைக் கவனிக்கவில்லை. சுற்றி வந்த மலையின் பக்கம் திரும்பி, கைகூப்பி நின்றாள். கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு தணிந்த குரலில், "போயிட்டு வரேன்டா" என்றாள்.

மலைக்கும் அவளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த பாக் டின், தன்னிடம்தான் விடைபெறுகிறாள் என்று எண்ணிக்கொண்டார். மரியாதையாக எழுந்து, வலது கையை நெஞ்சில் வைத்து, "செலாமாட் ஜாலான்" என்றார்.

"என்ன சொல்றாரு?" என்று கேட்டாள் லோகா, முகத்தைத் துடைத்துக்கொண்டே.

"நல்லபடியா போயிட்டு வாம்மான்னு சொல்றாரு" என்றேன்.

செலாமாட் ஜாலான் என்றால் சுகமாய்ப் போ என்பது மட்டும்தான். "வா" என்பது நான் சேர்த்தது.