எல்லாத்துக்கும் ஒரே துப்பாக்கி

என்னைப் பெண் பார்க்க வந்த மாமனார், தட்டில் வைத்த பஜ்ஜி ஆறுவதற்குள் முடிவைச் சொல்லிவிட்டார். "பொண்ணு புடிச்சிருக்குது, தேதி பாத்துருங்க" என்றார். ஆயுள் முழுக்க அவர் வீட்டில் இருக்கப்போகிறவளுக்கு அவ்வளவு நேரம் போதுமாக இருந்தது. அதே மனிதர் ஒரு துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டார். அதில் தப்பு சொல்ல முடியாது. துப்பாக்கி பிடிக்கவில்லை என்றால் அதன் அப்பா வீட்டுக்கு அனுப்பிவைக்க வழியில்லையே.

எண்பதுகளின் தொடக்கம் அது. பென்னாகரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், காட்டை ஒட்டி எங்கள் நிலம். கடலை போடுவோம், பக்கத்துக் கொல்லையில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி. இரண்டுமே காட்டுப்பன்றிக்கு உயிர். பொழுது சாய்ந்ததும் குட்டிகளோடு இறங்கும். ஒரு நாள் அசந்தால் மறுநாள் ஏர் ஓட்டிய மாதிரி கிடக்கும் நிலம். காவல் என்பது பரண்மேல் உட்கார்ந்து மண்ணெண்ணெய் டின்னைத் தட்டிக் கத்துவதுதான். ராத்திரிக் காவல் மாமனாரும் என் வீட்டுக்காரரும். மாமியாருக்கு மூட்டு வலி, அவரால் பரண் ஏற முடியாது. எனவே, பொழுது சாய்ந்ததிலிருந்து ஆண்கள் இருவரும் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, ஊர் நியாயம் எல்லாம் பேசித் தீர்த்துவிட்டு வரும்வரை, பன்றிகளுக்கும் எனக்கும் தனிப் பேச்சுவார்த்தை.

நான் பிளஸ் டூ பாஸ் செய்தவள். பென்னாகரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் திறந்திருந்தார்கள். லோயர் பாஸ் செய்துவிட்டால் ஏதாவது ஒரு ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்காரலாம் என்று எனக்கு ஒரு வெறி. காலையில் மாடு, சமையல், பகலில் களை. எனக்கு ஒழிகிற நேரம் சாயங்காலம் ஒன்றுதான். அதைத்தான் பன்றியும் தேர்ந்தெடுத்திருந்தது. தயங்கித் தயங்கி மாமனாரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "துப்பாக்கி வந்துரட்டும்மா. ஒரு வெடி வெச்சம்னா பன்னி இந்தப் பக்கமே தலவெச்சுப் படுக்காது. அப்பறம் நீ தாராளமா டைப்புக்குப் போ" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் துப்பாக்கிக்காக என்னைவிட ஏங்கியவர் யாரும் கிடையாது.

ஒரு லைசென்சுக்கு ஒரு துப்பாக்கிதான், எந்த வகை என்று முன்கூட்டியே எழுதித் தரவேண்டும் என்று தாலுகா ஆபீசில் சொல்லிவிட்டார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது. ஒன்றே ஒன்றுதான் என்றதும் மாமனாருக்கு அது எல்லாவற்றுக்கும் ஆகவேண்டும் என்று தோன்றிவிட்டது. பன்றி விழவேண்டும். யானை சத்தத்துக்கே ஓடவேண்டும். ஆனால் முயல் குழம்புக்கு ஆகிற மாதிரி முழுசாகக் கிடைக்கவேண்டும். திருடன் பார்த்தாலே நடுங்கவேண்டும். கல்யாணத்துக்குத் தோளில் மாட்டிக்கொண்டு போனால் சம்பந்தி வீட்டார் எழுந்து நிற்கவேண்டும். இத்தனை குணமும் ஒரே ஆளிடம் வேண்டும் என்றால் அதை மருமகளிடம் மட்டும்தான் கேட்கலாம், இரும்பிடம் கேட்கக்கூடாது. இதை நான் சொல்லவில்லை. அப்போதெல்லாம் மனசுக்குள் பேசத்தான் பழகியிருந்தேன்.

முதலில் கேப்புத் துப்பாக்கியைப் பற்றி யோசித்தார். குழல் வாய்வழியாகக் கருமருந்தைப் போட்டு, துணியை அடைத்து, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து, கேப்பு வைத்துச் சுடவேண்டும். அதுவரை பன்றி பொறுமையாக நிற்கவேண்டும். நிற்காது என்று அவரே கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது.

அடுத்தது 'பன்னெண்டு போர்' என்கிற ஒற்றைக்குழல் துப்பாக்கி. எங்கள் பக்கத்தில் துப்பாக்கி வைத்திருந்த விவசாயிகள் பெரும்பாலும் அதைத்தான் வைத்திருந்தார்கள். துப்பாக்கி ஒன்றுதான், தோட்டாவை மாற்றிக்கொள்ளலாம். முயலுக்குப் பொடி ரவை போட்டது, பன்றிக்குப் பெரிய ரவை போட்டது. அவர் தேடியது இதுதானே, முடிந்தது கதை என்று நான் சந்தோஷப்பட்டேன். முடியவில்லை. அதில் ஒரு பெரிய குறை இருந்தது. மேற்கு வரப்புக்கு அந்தண்டை இருந்த பங்காளியும் அதைத்தான் வைத்திருந்தார்.

"அவன் வெச்சிருக்கறதையே நானும் வாங்கறதுக்கு, நான் என்னாத்துக்கு வாங்கணும்?" என்றார் மாமனார்.

அப்புறம் எடை பார்க்கிற படலம். வாசலில் நின்று உலக்கையைத் தோளில் வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு புளியமரத்தைக் குறிபார்ப்பார். பிறகு கடப்பாரை. பிறகு மறுபடியும் உலக்கை. கம்பு குத்த நான் உலக்கை கேட்டால், "இரும்மா, பேலன்ஸ் பாக்கறன்" என்பார். பெட்டைக் கோழிகள் அவர் வாசலுக்கு வந்தாலே ஒதுங்கிப் போயின.

இந்தச் சமயத்தில்தான் மாமியாரின் தம்பி வந்து சேர்ந்தார். பட்டாளத்தில் இருந்து வந்தவர். எல்லையில் என்ன செய்தார் என்று கேட்டால் பனி எவ்வளவு உயரம் விழும் என்று சொல்வார். அவர் பட்டாளத்துச் சமையற்கட்டில் இருந்தார் என்பது ஊருக்கே தெரியும். மாமனாருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. "மாமா, ஆம்பளைக்கு ரைஃபிள்தான். முந்நூத்திப் பதினஞ்சு. ஒரே குண்டு. பன்னிக்குள்ள இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் போயிரும்" என்றார்.

மாமியார் கால் நீட்டி உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தார். "பன்னியத் தாண்டி எங்கடா போவும்?" என்று கேட்டார்.

"அது பாட்டுக்குப் போயிக்கிட்டே இருக்கும்க்கா" என்றார் தம்பி பெருமையாக.

எங்கள் நிலத்தைத் தாண்டினால் பஸ் ரோடு. ரோட்டைத் தாண்டினால் பள்ளிக்கூடம். மாமியார் அந்தத் திசையை ஒருமுறை பார்த்துவிட்டுப் புளியை உடைத்தார். முயலைச் சுட்டால் தோலாவது மிஞ்சுமா என்றும் யாரும் கேட்கவில்லை. இந்த வட்டாரத்தில் எவனிடமும் ரைஃபிள் இல்லை என்று தம்பி சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தில் விஷயம் முடிந்தது. லைசென்சில் ரைஃபிள் என்று எழுதப்பட்டது.

விசாரணை, கையெழுத்து, மறுபடி விசாரணை என்று அதற்குள் இரண்டு கடலைப் பட்டம் போய்விட்டது. நான் பரண்மேல் உட்கார்ந்து தொண்டை கட்டும்வரை கத்தினேன். என்னோடு படித்த ஒருத்தி லோயர் முடித்து ஹையர் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்ட அன்று, பன்றியைப் பார்த்துக் கத்தாமல் வீட்டைப் பார்த்துக் கத்தினேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ரைஃபிள் வந்த அன்று எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்டு, கற்பூரம் காட்டினார்கள். எனக்குக்கூட அவ்வளவு பெரிய மாலை போடவில்லை. ஊரே வந்து தொட்டுப் பார்த்தது. பங்காளி வரவில்லை, அதில்தான் மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. நான் வந்தவர்களுக்கெல்லாம் டீ கொடுத்துவிட்டு, அவசரமாக முகம் கழுவி, நல்ல புடவை கட்டிக்கொண்டு, நோட்டோடு வாசலுக்கு வந்தேன். சாயங்கால பஸ்சுக்கு நேரமாகிவிட்டது.

"எங்கம்மா கெளம்பிட்ட?" என்றார் மாமனார்.

"டைப்புக்குங்க மாமா. துப்பாக்கிதான் வந்துருச்சுங்களே."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதக் கொண்டுபோயி பனியில வெக்க முடியுமா? துருப்புடிச்சுரும். பரண்ல எவனாவது புடுங்கிக்கிட்டுப் போனா லைசென்சு எம்பேருல இருக்குது, நாந்தான் ஜெயிலுக்குப் போவணும். இது வூட்டுல பீரோவுலதான் இருக்கும். நான் பக்கத்துலயே இருக்கணும். இனிமே ராக்காவலுக்கும் என்னால வரமுடியாது. நீ கொஞ்ச நேரம் சேத்துப் பாத்துக்க."

காவலுக்கு ஆள் மிச்சமாகட்டும் என்று வாங்கிய சாமான், இருந்த காவலிலும் ஒரு ஆளை எடுத்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். இரண்டு வருஷமாக மனசுக்குள் பேசியதெல்லாம் ஒன்றாக வெளியே வந்தது.

"அப்ப துப்பாக்கிக்கு நான் காவல் இருக்கறனுங்க மாமா. பீரோவுக்குப் பக்கத்துல உக்காந்து படிச்சுக்கறன். நீங்க டின்ன எடுத்துக்கிட்டுப் பரணுக்குப் போங்க."

வந்திருந்தவர்கள் டீயைக் குடிக்காமல் நின்றார்கள். "பொம்பளைய நம்பித் துப்பாக்கிய உடறதா?" என்றார் அவர்.

"கடலைய என்ன நம்பித்தானுங்களே உட்டீங்க" என்றேன். பதிலுக்குக் காத்திருக்காமல் பஸ் ரோட்டுக்கு நடந்தேன். அன்று டைப் மெஷினில் முதல் வரிசை எழுத்துகளை அடித்தபோது விரல் வலித்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் செய்ததில்லை.

திரும்பி வந்தபோது மாமனார் பீரோ ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அத்தை எங்கே என்று கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். அங்கிருந்து கடலைக்கொல்லைதான் தெரியும்.

ஓடினேன். பரண்மேல் மாமியார் உட்கார்ந்திருந்தார். எப்படி ஏறினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குரல் போயிருந்தது. "பன்னி வந்துச்சு. தொரத்திட்டன்" என்று காற்றாகச் சொன்னார்.

"எறங்குங்க அத்த, நாளையிலருந்து நானே பாத்துக்கறன்" என்றேன். அழுகை வந்தது. அது பாதி கோபம்.

"நீ நாளைக்கும் போ. அந்த மனுசன் அத உட்டுட்டு எந்திரிக்க மாட்டாரு. எம்புள்ள அவரு பேச்சத் தாண்ட மாட்டான். நீ பரிச்சைய எழுதிரு" என்றார்.

அவரை இறக்க, வீட்டைப் பார்த்து என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பதாகவும், முடித்துவிட்டு வருவதாகவும் பதில் வந்தது. மாமியாரின் பாதத்தை என் தோளில் வைத்து நானே இறக்கினேன். லோயர் பரிட்சை முடியும்வரை தினமும் அப்படித்தான் இறக்கினேன்.