காமன் எரியும் அடி

பிற்பகல் மூன்று இருபதுக்கு மழை தொடங்கியது. மண்சரிவுக்குப் பிறகு, மழை விழுந்தால் முதலில் நேரத்தைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. எப்போதிருந்து பெய்கிறது என்று யாராவது வந்து கேட்கப் போகிறார்கள் என்பது போல.

மாத்தளை நகரத்தில் வாடகை வீட்டுக்கு மாறிய பிறகும், சனிக்கிழமைகளில் நானும் மகளும் யட்டவத்த பஸ்ஸில் ஏறிப் பழைய தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். இந்த மாசியில் அங்கே காமன் கூத்து போடுவதென்று முடிவாகியிருந்தது. சிவன் காமனை எரிப்பதும், ரதி அழுது புலம்பித் தன் புருஷனை மீட்பதுமான கூத்து. வழக்கமாக அது நடக்கும் பொட்டலின் மேல் இப்போது மண் கிடக்கிறது. ஆகவே மேல் லயத்து வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில், காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக் களத்தில் ஒத்திகை. இரண்டு வருடம் கூத்தை விட்டதால்தான் மலை இறங்கியது என்று சில பெண்கள் சொன்னார்கள். நான் நம்பவில்லை, மறுத்துப் பேசத் தெம்பும் இல்லை. நகரத்திலும் உறவினர் வீடுகளிலும் தகரக் கொட்டில்களிலும் சிதறிப் போனவர்கள் வாரத்தில் ஒருநாள் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். எனக்கு அது போதும்.

எப்போதும் ரதி வேஷம் கட்டுகிறவர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார். முதல் தடவையாக ஒரு பெண்பிள்ளையைக் கேட்டார்கள், என் மகளை. அவளுக்குப் பதினாறு வயது. மண்சரிவுக்குப் பிறகு "சரிம்மா", "இல்லம்மா" என்பதைத் தவிர வீட்டில் அதிகம் பேசாதவள், ரதியின் ஒப்பாரியைக் குளியலறைக்குள் சத்தமாகப் பாடினாள். அதற்காகத்தான் சம்மதித்தேன். மழை விழுந்தால் உடனே இறங்கி வந்துவிட வேண்டும் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

அன்று அவள் இறங்கி வரவில்லை. கீழ் லயத்தில், முன்பு எங்களுக்கு அடுத்த வீட்டிலிருந்த அக்காவின் வீட்டில் காத்திருந்தேன். அவர் ஊற்றித் தந்த தேத்தண்ணி ஆறிவிட்டது. மகளுக்குப் போன் எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"டீச்சர், ஒக்காருங்க. நீங்க நடக்குற நடையில என் வீட்டுச் சிமெந்து தேஞ்சிரும்" என்றார் அக்கா.

அப்போதுதான் மேலேயிருந்து தப்புப் பறையின் சத்தம் கேட்டது.

தப்பில் சாவுக்கு ஓர் அடி உண்டு, கல்யாணத்துக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி. ஓடச் சொல்வதற்கு அடி கிடையாது. மலை சரிந்த அன்று, மேல் லயத்து ஓட்டோக்காரர் பரணிலிருந்த தப்பை இறக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தார். கூத்துக்குத் தப்படிப்பவர் அவர். அவருக்குத் தெரிந்ததில் மிக வேகமான அடி, காமன் எரியும் நேரத்து அடி. கை அதற்குத்தான் போயிருக்கிறது. அதைக் கேட்டு வெளியே வந்தவர்கள்தான் பிழைத்தோம். பிறகு அந்த அடியை யாரும் கேட்டதில்லை. ஒத்திகையில் அந்த இடம் வந்தால்கூட அவர் வாயால் சொல்லித் தாண்டிவிடுவார்.

இப்போது அதே அடி, மழைக்குள்ளிருந்து.

லயத்தின் கதவுகளெல்லாம் திறந்தன. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கதவோரம் எப்போதும் தயாராக இருக்கும் பைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரக் கோயிலை நோக்கி ஓடினார்கள். நான் மேலே போகும் படியில் கால் வைத்தேன். அக்கா பின்னாலிருந்து என் சேலையைப் பிடித்து இழுத்தார்.

"எங்க போறீங்க? புள்ளைங்க கீழதான் ஓடி வரும். உங்களைத் தேடி அது மறுபடி ஏறணுமா?"

கோயில் மண்டபத்தில் நெருக்கியடித்து நின்றோம். மலை வரும் சத்தம் எங்களுக்குத் தெரியும், லொறியிலிருந்து கல் கொட்டுவது போல. அதற்காகக் காத்திருந்தோம். மழைச் சத்தம் மட்டும்தான். மகள் வந்து சேர்ந்தால் இனி இந்த மலைக்குக் கீழே அவளைக் கொண்டுவருவதில்லை என்று முடிவு செய்தேன்.

மகள் மற்றப் பிள்ளைகளோடு வந்தாள். மஞ்சள் சேலையில் முழங்கால் வரை சேறு. முகத்தில் பூசிய அரிதாரம் கழுத்துக்கு வழிந்திருந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மலைக்கு ஒண்ணும் ஆகலம்மா! மழை விடட்டும்னு கொட்டகைக்குள்ள நின்னோம். ஓட்டோ மாமா இன்னைக்கு அந்த அடியை அடிச்சுப் பாக்கவான்னு கேட்டாரு. அடிங்க மாமான்னோம். எட்டிப் பாத்தா கீழ் லயமே காலி. காமன் சாகுறதுக்குள்ள ஊரே ஓடிருச்சு!"

யாரோ சிரித்தார்கள். நான் சேலைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்தேன்.

"போதும். இனி இங்க வர வேணாம்."

அவள் சிரிப்பு நின்றது. "சரிம்மா" என்றாள். வீட்டில் சொல்வாளே, அதே குரலில்.

கடைசியாக ஓட்டோக்காரர் வந்தார். யாராவது விழுந்து கிடக்கிறார்களா என்று இரண்டு லயத்திலும் வீடு வீடாகப் பார்த்துவிட்டு வந்திருந்தார். தப்பை மழைக்கோட்டுக்குள் அணைத்துப் பிடித்திருந்தார்.

"அன்னைக்கு அடிச்சது ஈரத் தோலு, தொம் தொம்னு கெடந்துச்சு. இன்னைக்கு நெருப்புல நல்லா காய்ச்சித்தானே அடிச்சேன்" என்றார். "சத்தத்துல வித்தியாசம் தெரியலையா?"

"ஓடுறவளுக்கு ஈரத்தோல் என்னய்யா, காஞ்ச தோல் என்னய்யா!" என்றார் அக்கா.

அவர் தலையிலிருந்த ஈரத்தை வழித்துவிட்டார். மகளைப் பார்த்தார், பிறகு என்னை.

"இனிமே அந்த அடி ஓடுறதுக்கு மட்டுந்தான் டீச்சர். காமன் எரியிறப்ப நான் தப்பைக் கீழ வச்சிருவேன். உங்க புள்ள அழுற சத்தம் மட்டும் கேக்கட்டும். அடுத்த கெழம வெள்ளனயே கூட்டிட்டு வாங்க, மழைக்கு முந்தி முடிச்சிருவோம்."