எங்கள் வாசலில் நின்ற கரகம்

கரகம் எங்கள் வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டது.

பதுளைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா என்றால் கரகம் நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயம் லயமாகச் சுற்றிவரும். வீட்டுக்காரர்கள் மஞ்சள் தண்ணீரைக் காலில் ஊற்றிக் கும்பிடுவார்கள், திருநீறு வாங்கிக்கொள்வார்கள், கரகம் அடுத்த வாசலுக்குப் போய்விடும். கோயிலுக்குத் திரும்பும்வரை அதைத் தலையிலிருந்து இறக்கக் கூடாது. ஒரு வாசலில் அது நகராமல் நின்றால் அந்த வீட்டில் ஏதோ குற்றம் நடந்திருக்கிறது என்று அர்த்தம். குற்றம் செய்தவர் ஒப்புக்கொள்ளும்வரை தோட்டமே காத்திருக்க வேண்டியதுதான்.

கரகம் தூக்கியவர் என் பெரியப்பா. மற்ற நாட்களில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டப் போகிற மனிதர். காப்புக் கட்டிவிட்டால் அப்பாகூடத் தன் அண்ணனை ‘சாமி’ என்றுதான் கூப்பிடுவார். அப்போது எனக்கு எட்டு வயது. அம்மனே எங்கள் சொந்தக்காரி என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அவர்கள் இருவருக்கும் ஒரே தங்கை என் அத்தை. எங்களோடுதான் இருந்தாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் கைக்குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அந்த வேலையென்றால் அவளுக்கு உயிர். காப்புக் கட்டுவதற்கு முந்தின வாரம் பெரியப்பா தன் மச்சானுக்கு அவளைக் கேட்டு வந்திருந்தார். மச்சான் அப்புத்தளைப் பக்கத்துக்காரர், மனைவியை இழந்தவர், பொழுது சாய்ந்தால் நிதானத்தில் இருக்கமாட்டார்.

“எனக்கு வேணாம்ணே. என் வேலைய விட்டுட்டு நான் எங்கயும் போகமாட்டேன்” என்று அத்தை ரொட்டி தட்டிக்கொண்டே சொன்னாள். பெரியப்பா ஊற்றிவைத்த தேநீரைத் தொடாமல் எழுந்து போனார்.

இப்போது அதே பெரியப்பா கண்கள் செருக அத்தையின் முன்னால் நின்றுகொண்டு, “தீட்டோட என் படி ஏறியிருக்கா இவ! ஒத்துக்காம நகரமாட்டேன்டா!” என்று உறுமினார்.

மழை பிடித்துக்கொண்டது. தப்படிப்பவர்கள் தப்பை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். அடுத்தடுத்த வாசல்களில் பெண்கள் ஒரு கையில் குடமும் ஒரு கையில் குழந்தையுமாகக் காத்திருந்தார்கள். “இல்ல தாயே, நான் போகல தாயே” என்று அத்தை திரும்பத் திரும்பச் சொன்னாள். பெரியப்பாவின் கால் அசையவில்லை.

“ஒத்துக்கிட்டா என்ன, குடியா முழுகிடும்?” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அப்பா ஈர மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ஆனால் அம்மனிடம் யார் வாதாடுவது? அழுதுகொண்டிருந்த குழந்தைகளை அத்தை பார்த்தாள். தினமும் அவள் தூளியில் போட்டு ஆட்டித் தூங்கவைத்த குழந்தைகள்.

“ஆமா தாயே. நான்தான். மன்னிச்சிரு” என்று சேற்றில் விழுந்தாள்.

கரகம் நகர்ந்தது. குலவைச் சத்தம் லயமெங்கும் கேட்டது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அம்மன் மன்னித்துவிட்டதாகப் பெரியப்பாவின் வாயால் சொன்னாள். லயத்துக்காரர்கள்தான் மன்னிக்கவில்லை. அந்த வாரமே ஒரு குழந்தைக்கு அம்மை போட்டது. அத்தையின் முகத்துக்கு நேரே யாரும் எதுவும் சொல்லவில்லை. பிள்ளைகளை மட்டும் வேறு கைகளில் கொடுத்துவிட்டு மலைக்குப் போனார்கள். காம்பராவில் தூளிகள் காலியாகத் தொங்கின. தையில் அத்தை அப்புத்தளைக்குப் போனாள், பெரியப்பாவின் மச்சானுக்கு மனைவியாக.

பெரியப்பா நடித்தார் என்று அடித்துச் சொல்ல இன்றும் என்னால் முடியவில்லை. அவர் நிஜமாகவே நம்பியிருக்கவும் கூடும். அதை நினைக்கும்போதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

போன மாதம் அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. கோயிலுக்குக் கூட்டிப்போனால் வாசலோடு நின்றுவிட்டாள். எத்தனையோ வருடமாக அப்படித்தானாம். ஏன் என்று கேட்டேன்.

“நெசமாவே அன்னைக்குத் தீட்டோட போயிருப்பனோன்னு சில நேரம் தோணுதுடி. எவ்வளவு யோசிச்சாலும் தெளியமாட்டேங்குது.”

ஆனால் அன்றைக்கு அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. கரகம் போன பிறகு அடுப்படியில் உட்காரவைத்து என் தலையைத் துவட்டிவிட்டாள். அப்போது நான் கேட்டேன், “நெசமாவே போனீங்களா அத்த?”

“இல்லடி தங்கம். புள்ளைங்கல்லாம் நனையுதுங்களே, அதான்.”

குழப்பமெல்லாம் அப்போது எனக்குத்தான். அம்மன் பொய் சொல்லமாட்டாள். அத்தையும் என்னிடம் பொய் சொல்லமாட்டாள். இரண்டையும் எப்படிச் சேர்த்துவைப்பது என்று தெரியாமல் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருவருக்கும் நடுவில் பெரியப்பா என்று ஒரு மனிதர் நின்றிருந்தது என் கண்ணில் படவே இல்லை.