சார்ஜரில் மாட்டிய சோதனை

அந்தக் கூட்ட அறை மேசையில் ஒரு சார்ஜர் எப்போதும் செருகியே கிடக்கும். ஈக்காட்டுத்தாங்கலில் நான் வேலை பார்த்த கம்பெனி, மீன்பிடிப் படகுகளுக்குக் கையடக்கக் கருவி செய்தது. ஆபத்தென்றால் பொத்தானை அழுத்திக் கரைக்குச் சொல்லலாம். கடலுக்கான பொருளை ஏசி அறையில், சார்ஜரில் மாட்டி வைத்தே சோதிப்பது அங்கே வழக்கம். பேட்டரி எப்படித் தீரும்?

அதைக் கேள்வி கேட்டவர் எங்கள் டீம் லீட் அக்கா மட்டும்தான். சாந்தோம்காரர். வேலையில்லாத நேரத்தில் புராசஸரை எவ்வளவு ஆழமாகத் தூங்க வைப்பது என்று முடிவெடுக்கும் பகுதியை, கருவியின் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் எழுதியவர். லேசாகத் தூங்கினால் சட்டென்று விழிக்கும், ஆனால் பேட்டரியைத் தின்னும். ஆழ்ந்து தூங்கினால் பேட்டரி மிஞ்சும், விழிக்கச் சற்றுத் தாமதமாகும். அந்தத் தாமதம் மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. டெமோவில் தொட்டதும் திரை தயங்கியதாம்.

"ஆழ்ந்த தூக்கத்தையே எடுத்துடுங்கம்மா. டெமோ முடிஞ்சதும் திரும்பப் போட்டுக்கலாம். பேட்டரி நல்லாத்தானே நிக்குது?"

"பிளக்ல செருகி வெச்சா செத்த பேட்டரிகூட நிக்கும் சார்" என்றார் அக்கா.

வேறொருவரை வைத்து எடுக்கச் செய்தார் மேனேஜர். டெமோ முடிந்தது, கைதட்டினார்கள். திரும்பப் போடச் சொல்லி அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். யாரும் போடவில்லை. கருவிகள் அப்படியே பட்டினப்பாக்கம் மீனவர் குப்பத்துக்குப் போயின.

ஒரு நாள் அங்கிருந்து ஒரு மீனவர் வந்து கருவியை மேனேஜர் முன்னால் போட்டார். நடுக்கடலில் இன்ஜின் நின்றிருக்கிறது. பொத்தானை அழுத்தினால் கருவியில் உயிரில்லை. தற்செயலாக அந்தப் பக்கம் வந்த படகு இழுத்து வந்திருக்கிறது.

"இன்னா சார், கரையில நல்லா மினுக்கினு கீது, தண்ணில போனா செத்துப் பூடுது? எம் புள்ளையும் போட்டுல இருந்தான் சார்."

"கெளம்பும்போது ஃபுல்லா சார்ஜ் போட்டீங்களா?"

"போட்டேன் நைனா. கடலுக்குள்ள பிளக்கு நீ வெச்சிருக்கியா?"

மேனேஜர் கருவியை எடுத்துச் சார்ஜரில் செருகினார். மேலிடத்தில்தான் அவர் வாய் நன்றாகத் திறந்தது. பிழை தூக்கப் பகுதியில், அதை எழுதியது அக்கா, எனவே குற்றம் அக்காவுடையது. இவ்வளவுதான் விசாரணை. அவரிடம் ராஜினாமா வாங்கினார்கள். பிறகு அவர் எழுதியதையே வரி மாறாமல் திரும்பப் போட்டார்கள். கருவி இப்போது நாள் முழுக்க நிற்கிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்துவது எப்படி என்று அதே மேனேஜர் மேடையேறிப் பேசுகிறார், மாலையும் வாங்கிக்கொள்கிறார்.

போன வாரம் அடையாறில் அக்காவைப் பார்த்து இதைச் சொன்னேன்.

"படகெல்லாம் கரைக்கு வருதில்ல? விடுப்பா" என்றார்.

அவர் விடலாம். நான் விடுவதாக இல்லை.