கைத்துப்பாக்கிக்கு ஒரு சொட்டு எண்ணெய்

தொண்ணூறுகளின் நடுவில் சோமனூரில் எனக்கு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. வாரக் கடைசியில் கோயமுத்தூர் போய், ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் கைத்துப்பாக்கிப் போட்டிக்குப் பயிற்சி எடுப்பேன். சொந்தபந்தம் அத்தனையும் சிரித்தது. "மாப்பிள்ள யாரச் சுடப் போறாருங்க?" என்று கல்யாண வீடுகளில் கேட்பார்கள். நான் காதில் வாங்க மாட்டேன். உரிமம் வாங்கி, சொந்தமாக வெளிநாட்டுத் துப்பாக்கி வரவழைத்தவன் அந்தக் கிளப்பில் நான் ஒருவன்தான். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

தறிக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் மோட்டாரைப் போடுவதற்கு முன் எண்ணெய்க் கேனை எடுத்துக்கொண்டு தறி தறியாகப் போவோம். ஓட்டை கண்ட இடத்திலெல்லாம் விடுவோம். எண்ணெய் குறைந்தால் தறி நின்றுவிடும் என்ற பயம் எங்களுக்கு ரத்தத்திலேயே ஊறியது. துப்பாக்கியும் இரும்புதானே? தறிகளுக்கு விட்ட கையோடு, தறி ஓடும் அதே குடோன் மூலையில் இருந்த மேஜையில் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு தினமும் துடைத்தேன், தினமும் எண்ணெய் விட்டேன். பெற்ற மகளைக்கூட நான் இப்படிச் சீராட்டியதில்லை என்று மனைவி சொல்வாள். அதில் பொய் இல்லை.

அவ்வளவு பார்த்தும் அது மக்கர் பண்ணியது. பத்து விநாடிக்குள் ஐந்து குண்டு சுட வேண்டிய சுற்றில் மூன்றாவது குண்டோடு நின்றுபோகும். சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியே விழாமல், அது தெறித்து விழ வேண்டிய பக்கவாட்டு வாயிலேயே சிக்கிக்கொள்ளும். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். தோட்டாவைத் திட்டுவேன், கிளப்பைத் திட்டுவேன், துப்பாக்கி செய்த தேசத்தையே திட்டுவேன்.

எனக்குப் போட்டி ஒரே ஒருவர். கோட்டைமேட்டில் தையல் மிஷின் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார், கிட்டத்தட்ட என் வயது. நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். அவர் கையில் இருந்தது கிளப்பின் பழைய துப்பாக்கி. பல பேர் பிடித்துப் பிடித்து அதன் கைப்பிடி கறுத்துப் போயிருந்தது. அது ஒரு நாளும் நின்று நான் பார்த்ததில்லை. எனக்கு வயிறு எரியும்.

மாநிலப் போட்டிக்கு எங்கள் கிளப்பிலிருந்து மூன்று பேர் போகலாம். இரண்டு இடம் முடிவாகிவிட்டது. மூன்றாவது எனக்கா பாய்க்கா என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை சுட்டுத் தீர்க்க வேண்டும் என்றார்கள். அதற்கு முந்தின நாள் பயிற்சியில் என் துப்பாக்கி மூன்று முறை நின்றது.

"தோட்டா ஈரமாயிருச்சுங்க. இங்க எவன் கவனிக்கறான்?" என்று கத்தினேன்.

பக்கத்தில் சுடத் தயாராகிக்கொண்டிருந்த பாய் எழுந்து வந்தார். "கொஞ்சம் குடுங்ணா, பாத்துட்டுத் தாரேன்."

தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றினார். உள்ளே தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பார்த்துக்கொண்டார். பிறகு தன் பையிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை எடுத்து, காலிக் கூட்டைக் கவ்வி இழுக்கும் சின்னக் கொக்கிக்குப் பின்னால் விட்டு நெம்பினார். துவரம்பருப்பு அளவுக்குக் கறுப்பாக ஒன்று வந்தது. விரலில் வைத்து நசுக்கினார். பிரிந்தது. பஞ்சு.

"இத எங்கீங்க வெச்சுத் தொடைக்கறீங்க?"

"தறிக் குடோன்லதானுங்க."

"அதானுங்க. தையல் மிஷினுக்கு அடித்தட்டக் கழட்டுனா இதே சேறுதான் இருக்கும். எண்ணெயும் பஞ்சும் சேந்தா நூலே ஓடாதுங்க, குண்டு எப்பிடிங்க ஓடும்?"

"அப்ப எத்தன நாளைக்கு ஒருக்கா தொடைக்கறதுங்க பாய்?"

"நாள் கணக்கே வேண்டாங்ணா. சுட்டு முடிச்சதும் வாயையும் கொக்கியையும் காஞ்ச துணியில தொடச்சுப்போடுங்க. மேகசினுக்குள்ள எண்ணெயே ஆகாதுங்க. சறுக்கற எடத்துக்கு மட்டும் ஒரு சொட்டு. குழலச் சும்மா சும்மா கொடையாதீங்க. நான் பத்து டப்பா தோட்டா சுட்டாத்தான் அதத் தொடுவேன், இல்லாட்டிக் குறி செதறுனாத் தொடுவேன். குழலத் தொடச்ச கையோட போட்டிக்கும் போவாதீங்க, மொத நாலஞ்சு குண்டு எங்கியோ போவும்."

பேசிக்கொண்டே, குழலை மட்டும் விட்டுவிட்டு, ஒவ்வொரு பாகமாகத் துடைத்தார். மிஷின் பிரஷ்ஷால் மூலை முடுக்கெல்லாம் தட்டினார். அவருக்கென்று ஒதுக்கியிருந்த பயிற்சி நேரம் முழுவதும் என் துப்பாக்கிக்கே போய்விட்டது. அன்று அவர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "நாளைக்கு இது நின்னுதுன்னா எடம் உங்களுக்குத்தானுங்களே?" என்று கேட்டேவிட்டேன்.

"நின்னுபோன துப்பாக்கிய ஜெயிச்சு நான் என்னங்ணா பண்றது?" என்றார், கையைத் துடைத்துக்கொண்டே.

அப்படிப்பட்ட மனுஷனையும் என் புத்தி சந்தேகப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை எண்ணெய்க் கேனோடு மேஜை முன்னால் நின்றேன். போட்டிக்கு முந்தின நாள் பார்த்து ஒரு சொட்டுக்கு மேல் எண்ணெய் விடாதே என்கிறாரே, இதில் ஏதாவது சூது இருக்குமோ? காய்ந்த இரும்பைப் பார்க்கவே எனக்குப் பதறியது. பிறகு அவர் சுடாமல் விட்ட குண்டுகளை நினைத்தேன். வெட்கமாகப் போய்விட்டது. கேனை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அன்று நான் சுட்டதுபோல அதற்கு முன்பும் சுட்டதில்லை, பின்பும் சுட்டதில்லை. கூட்டிப் பார்த்துப் பலகையில் எழுதினார்கள். பாய் என்னைவிட ஒரு புள்ளி அதிகம். வழக்கம்போலத் திட்டுவதற்காகத் துப்பாக்கியைப் பார்த்தேன். திட்ட ஒன்றுமில்லை. தோட்டா, கிளப், தேசம் எதன் மேலும் பழி போட வழியில்லாமல் நான் தோற்றது அதுதான் முதல் தடவை. தோற்றது வலித்தது. ஆனால் அப்படி ஒருவரிடம் தோற்றதில் எனக்குக் குறையில்லை.

எனக்கு முந்தின சுற்றிலேயே சுட்டு முடித்துப் போயிருந்த பாய், குழாயடியில் கை கழுவிவிட்டு ஈரக் கையோடு வந்தார். பலகையை அவர் இன்னும் பார்த்திருக்கவில்லை.

"நின்னுதுங்களா அண்ணா?"

"ஒருக்காகூட இல்லீங்க பாய்."

அவர் முகமெல்லாம் சிரிப்பு. என் தோளைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினார். அதற்கப்புறம்தான் கேட்டார்: "அப்ப, நம்மள்ல யாருங்க போறது?"

"நீங்கதானுங்க," என்றேன்.